அவளுக்குச் சேரவேண்டும், அவனுக்குத் தெரியக்கூடாது!

விளம்பரம் என்றால் என்ன என்று நமது தோழர்களுக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. பசை வாளியும் சுவரொட்டிக் கட்டுமாக, விடிய விடியத் தெருவை அளந்தவர்கள் அவர்கள். எட்டு மணிக்குக் கூட்டம் என்றால், ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ நான்கு மணிக்கு எந்தத் தெருவில் திரும்பவேண்டும், ஆலை விட்டு வருகிறவர் கையில் எந்த இடத்தில் துண்டறிக்கையைக் கொடுத்தால் கசக்கி எறியாமல் படிப்பார் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். நமது கணக்கு எளிய கணக்கு. எத்தனை பேருக்குத் தெரிகிறதோ, அத்தனைக்கத்தனை வெற்றி!

இந்தக் கணக்குச் செல்லாத ஒரு விளம்பரப் பணி இருக்கிறது. அங்கே, செய்தி ஒருத்திக்குச் சேரவேண்டும். அவளோடு ஒரே கூரையின்கீழ் படுத்திருக்கிறவனுக்குத் தெரியக்கூடாது. சேராவிட்டால், அவள் அடிபட்டுக்கொண்டே இருப்பாள். தெரிந்துவிட்டாலோ, அவள் உயிருக்கே ஆபத்து! கணவனிடமும் கணவன் வீட்டாரிடமும் அடி உதை படும் பெண்களுக்குத் துணை நிற்கும் தொண்டு நிறுவனங்களில், செய்தித் தொடர்பு வேலை பார்ப்பவர்களுக்கு அன்றாடக் கவலை இதுதான்.

"இது பெண்கள் சங்கதி, தொண்டு நிறுவனத்தார் சங்கதி, நமக்கென்ன?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், தோழர்களே! அடிபடுகிறவள் நம் தெருவில் இருக்கிறாள். அடிக்கிறவன் நம்மோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கிறான். அந்தச் செய்தி அவளிடம் போய்ச் சேருவதும் பாதியில் சாவதும் நம் கையிலும் இருக்கிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று 2019-21இல் நடந்தது. திருமணமான, 18 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில், இந்திய அளவில் நூற்றுக்கு 29 பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். தமிழ்நாட்டில் எவ்வளவு? நூற்றுக்கு 38! படிப்பில் முந்தினோம், தொழிலில் முந்தினோம் என்று மார்தட்டுகிற மாநிலத்தில், பத்து வீட்டுக்கு ஏறக்குறைய நான்கு வீடு!

அதைவிடக் கொடிய எண் ஒன்று அதே ஆய்வில் இருக்கிறது. வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி தேடியவர்கள், நாடு முழுவதும் சேர்த்து, நூற்றுக்கு 14 பேர். உதவியும் தேடாமல், எவரிடமும் வாய் திறந்து சொல்லவும் சொல்லாமல் இருந்தவர்கள் 77 பேர். தாயிடம் சொல்லவில்லை, தமக்கையிடம் சொல்லவில்லை, அடுத்த வீட்டு அக்காளிடமும் சொல்லவில்லை.

யார் அந்த 77 பேர் வாயை மூடியது? அடித்தவன் மட்டுமா? இல்லை. அவனுக்கு முன்பே, தலைமுறை தலைமுறையாக, ஒரு பிரசாரம் நடந்து வந்திருக்கிறது. அச்சகம் இல்லாமல், பசை வாளி இல்லாமல், பாட்டி பேத்திக்குச் சொல்லி, மாமியார் மருமகளுக்குச் சொல்லிப் பரவிய பிரசாரம். "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்றார்கள். "கல்லானாலும் கணவன், புல்லானாலும் புருஷன்" என்றார்கள். "வீட்டு விஷயம் வீதிக்கு வரலாமா?" என்றார்கள். நாம் ஒட்டும் சுவரொட்டி ஒரு மழைக்குத் தாங்காது. இந்தப் பழமொழிகளோ எத்தனை மழையைப் பார்த்தவை!

அந்தப் பிரசாரம் எவ்வளவு வெற்றி பெற்றது என்பதற்கும் அதே ஆய்வில் சாட்சி உண்டு. சொல்லாமல் வெளியே போனது, எதிர்த்துப் பேசியது, சமையல் சரியில்லாதது என்று சில காரணங்களைச் சொல்லி, இவற்றில் எதற்காவது கணவன் மனைவியை அடிப்பது நியாயமா என்று கேட்டார்கள். நூற்றுக்கு 45 பெண்கள் நியாயம் என்றார்கள். ஆண்கள் 44 பேர். அடிக்கிறவனைவிட அடி வாங்குகிறவள் ஒரு படி மேலே போய் அடிக்கு நியாயம் சொல்கிறாள்! இதைவிட ஒரு பிரசாரம் வெல்ல முடியுமா?

இந்தப் பழம் பிரசாரத்துக்கு எதிர்ப் பிரசாரம் செய்வதுதான் நான் சொன்ன செய்தித் தொடர்பாளரின் முதல் வேலை. அதைச் சொல்லிலிருந்தே தொடங்கவேண்டியிருக்கிறது.

"குடும்பத் தகராறு" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பத்திரிகையில் அன்றாடம் பார்க்கிறோம். "குடும்பத் தகராறில் மனைவிக்குக் கத்திக்குத்து." தகராறு என்றால் இருவர் வேண்டும், இருவர் பக்கமும் கொஞ்சம் குற்றம் வேண்டும். ஆலையில் மேலாளர் ஒரு தொழிலாளியைக் கன்னத்தில் அறைந்தால், "ஆலைத் தகராறு" என்று எழுத நாம் விடுவோமா? "தாக்கினான்" என்று எழுது என்போம், வாசலில் உட்காருவோம். அதே அறை நம் வீட்டுக்குள் விழும்போது மட்டும் அது எப்படித் தகராறு ஆயிற்று?

இன்னொரு கேள்வியும் உண்டு. "இவ்வளவு நாளாக ஏன் பொறுத்துக்கொண்டிருந்தாள்?" என்று கேட்கிறோம். "இவ்வளவு நாளாக ஏன் அடித்தான்?" என்று கேட்பவர் எத்தனை பேர்? அவள் பொறுத்ததற்குக் காரணங்கள் உண்டு. கையில் காசில்லை. போக இடமில்லை. பிள்ளைகளை விட்டுப்போக மனமில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டை விட்டுப் புறப்படும் நேரம்தான் மிகுந்த ஆபத்தான நேரம் என்பது இத்துறையில் வேலை செய்பவர்கள் எல்லோரும் அறிந்த உண்மை. பிடி நழுவுகிறது என்று தெரிந்ததும் அடிக்கிறவன் வெறி கொள்கிறான். அவள் பயப்படுவது கோழைத்தனத்தால் அல்ல. அவனை அவளைவிட நன்றாக அறிந்தவர் யார்?

அடுத்து, சட்டம். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் நிறைவேறி, 2006 அக்டோபர் 26 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் 11ஆம் பிரிவைத் தோழர்கள் ஒருமுறை படித்துப் பார்க்கவேண்டும். இந்தச் சட்டத்தைப் பற்றித் தொலைக்காட்சி, வானொலி, அச்சு ஏடுகள் வாயிலாகக் குறிப்பிட்ட இடைவெளிகளில் பரவலாக விளம்பரம் செய்ய மத்திய, மாநில அரசுகள் நடவடிக்கை எடுக்கவேண்டும் என்று அந்தப் பிரிவு கட்டளையிடுகிறது. சொல்லாத உரிமை இல்லாத உரிமை என்று சட்டம் செய்தவர்களே உணர்ந்திருந்தார்கள்!

ஆனால், எப்படிச் சொல்வது? சட்டத்தின் வாசகத்தை அப்படியே அச்சடித்துக் கொடுத்தால் யார் படிப்பார்? அதை அடுப்படியில் நிற்கிறவளுக்குப் புரியும் நான்கு வரியாக்குவதுதான் இந்த வேலை. உதாரணம் சொல்கிறேன்:

"அடிப்பது மட்டுமே குற்றமல்ல. கேவலமாகப் பேசுவது, விருப்பமில்லாமல் தொடுவது, உன் கூலியைப் பிடுங்கிக்கொள்வது, செலவுக்குத் தராமல் வதைப்பது எல்லாமே குடும்ப வன்முறைதான்.

"வீடு யார் பெயரில் இருந்தாலும், நீ வாழ்ந்த வீட்டில் இருக்க உனக்கு உரிமை உண்டு. உன்னைத் தெருவில் தள்ள அவனுக்கு உரிமை இல்லை.

"அவன் உன்னை நெருங்கக்கூடாது என்று நீதிமன்றம் உத்தரவு போடலாம். செலவுக்குப் பணமும், பிள்ளைகளை உன்னிடம் வைத்துக்கொள்ள அனுமதியும் கேட்கலாம்.

"வக்கீலுக்குக் காசில்லையா? பெண் என்ற ஒரே காரணத்துக்காகவே உனக்கு இலவசச் சட்ட உதவி உண்டு."

அவ்வளவுதான். இந்த நான்கு செய்தியும் உண்மை. நான்கும் சட்டத்தில் உள்ளவை. இவற்றை அறியாமல் அடி வாங்குகிறவளுக்கும் அறிந்து வாங்குகிறவளுக்கும் வேறுபாடு உண்டு. அறிந்தவள் ஒருநாள் எழுந்து நிற்பாள்.

சரி, எழுதியாயிற்று. கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி? இங்கேதான் நமது சுவரொட்டி அறிவு பயன்படாமல் போகிறது. வீட்டுக்கு வீடு துண்டறிக்கை கொடுத்தால், அது அவன் கையில் கிடைக்கும். "யாரிடம் சொன்னாய்?" என்று அன்றிரவே உதை விழும். அவள் கைப்பேசியை அவன் எடுத்துப் பார்க்கிறான்; யாரோடு பேசினாள் என்று பட்டியலைப் புரட்டுகிறான். ஆகவே, அவன் போக முடியாத இடத்தைத் தேடவேண்டும். பெண்கள் கழிப்பறையின் உட்பக்கக் கதவு; மகப்பேறு மருத்துவமனையின் பரிசோதனை அறை; மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டம். அங்கே எண்ணை எழுதிவைக்கவேண்டும். அட்டை கொடுத்தால், ரவிக்கைக்குள் மறையும் அளவுக்குச் சின்னதாக இருக்கவேண்டும். திரும்ப அழைக்கும்போது எடுத்தவுடன் நிறுவனத்தின் பெயரைச் சொல்லக்கூடாது. எடுப்பவன் அவனாக இருக்கலாம்.

2020இல் கொரோனா ஊரடங்கு வந்ததே, நினைவிருக்கிறதா? உலகம் முழுவதும் பெண்கள், அடிப்பவனோடு ஒரே வீட்டில் பூட்டப்பட்டார்கள். வெளியே போகமுடியாது, போனில் பேசமுடியாது. அப்போது ஸ்பெயின் நாட்டுக் கேனரித் தீவுகளில் ஒரு வழி கண்டார்கள். மருந்துக்கடை திறந்திருக்கிறது அல்லவா? அங்கே போய் "முகக்கவசம் 19" கொடுங்கள் என்று கேட்டால் போதும். கடைக்காரர் புரிந்துகொண்டு காவல்துறைக்குத் தகவல் கொடுப்பார். பக்கத்தில் நிற்கிறவன் காதில் அது வெறும் வியாபாரப் பேச்சு!

அதே ஆண்டில் கனடாவில், பெண்கள் நல அறக்கட்டளை ஒன்று ஒரு கைச்சாடையை அறிவித்தது. உள்ளங்கையைக் காட்டி, கட்டைவிரலை உள்ளே மடக்கி, மற்ற நான்கு விரல்களையும் அதன்மேல் மூடவேண்டும். காணொளியில் பேசிக்கொண்டிருக்கும்போதே, ஒரு சொல்லும் சொல்லாமல், "எனக்கு உதவி தேவை" என்று சொல்லிவிடலாம். 2021 நவம்பரில், அமெரிக்காவில் ஓடும் காருக்குள்ளிருந்து ஒரு பதினாறு வயதுப் பெண் இந்தச் சாடையைக் காட்டினாள். வேறொரு வண்டியில் வந்தவர் பார்த்துக் காவல்துறைக்குச் சொன்னார், அவள் மீட்கப்பட்டாள். அவர் ஏன் சொன்னார்? அந்தச் சாடைக்கு என்ன பொருள் என்று அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. தோழர்களே, செய்தி அவளிடம் மட்டும் சேர்ந்தால் போதாது. பார்க்கிறவரிடமும் சேர்ந்திருக்கவேண்டும் என்பதற்கு இது பாடம்.

இன்னொரு நுட்பம், முகவரி. லண்டனில் சிசிக் என்ற பகுதியில், 1971இல், எரின் பிஸ்ஸி என்ற பெண்மணி அடிபட்ட மனைவியருக்காக ஒரு வீட்டைத் திறந்தார். பெண்கள் பிள்ளைகளோடு வந்து குவிந்தார்கள். 1974இல் அவர் எழுதிய நூலின் தலைப்பே போதும், அந்நாட்டு நிலையை உணர: "மெல்ல அலறு, இல்லையேல் அக்கம்பக்கத்தார் கேட்டுவிடுவார்கள்" என்ற பொருளில் அதற்குப் பெயர் வைத்தார். "வீட்டு விஷயம் வீதிக்கு வரலாமா" என்பது நமக்கு மட்டும் உரிய நோயல்ல! பின்னர் பல நாடுகளிலும் காப்பகங்கள் எழுந்தன. அவற்றில் பல, தாம் இருக்கும் தெருவை வெளியில் சொல்வதில்லை; பலகை மாட்டுவதில்லை. தொலைபேசி எண்ணை ஊரறியச் சொல்லி, இடத்தை மட்டும் மறைத்து வைப்பார்கள்.

இந்த இடத்தில் நமது தோழர்களின் கைப்பேசிகளைப் பற்றி ஒரு சொல். அடிபட்ட பெண்ணைக் கண்டவுடன் படம் எடுப்பதும், "அனைவருக்கும் பகிருங்கள்" என்று வாட்ஸப்பில் தட்டிவிடுவதும் உதவி என்று நினைக்கிறோம். படத்தில் பின்னால் தெரியும் பேருந்துப் பலகை, பிள்ளையின் பள்ளிச் சீருடை, தெருமுனைக் கடையின் பெயர், இவற்றில் ஏதாவது ஒன்று போதும் அவனுக்கு, அவள் எங்கே ஒளிந்திருக்கிறாள் என்று கண்டுபிடிக்க. நல்லெண்ணத்தோடு நாம் தட்டிவிட்ட படம், அவனுக்கு வழிகாட்டிப் பலகை!

நிறுவனங்களும் இதில் தவறியதுண்டு. வீங்கிய கண், கிழிந்த உதடு, தலைவிரி கோலம் என்று படம் போட்டால்தான் நன்கொடை வரும் என்ற எண்ணம் பல இடங்களில் இருக்கிறது. பணம் வேண்டாமா என்றால், வேண்டும். காப்பகத்து உலையில் அரிசி போடவேண்டும். பிள்ளைக்குப் பால் வாங்கவேண்டும். ஆனால், அந்தப் படம் யாரை எட்டுகிறது? இரத்தம் வராமல் அடிபடுகிறவள் பார்த்து, "எனக்கு இவ்வளவு மோசமில்லை" என்று ஒதுங்கிப்போகிறாள். அடிக்கிறவன் பார்த்து, "நான் இப்படியா அடித்தேன்?" என்று நிம்மதியடைகிறான்.

"அவள்தான் சம்மதித்தாளே!" என்பார்கள். சோறு போட்டு, படுக்க இடம் கொடுத்தவர்கள் கேட்கும்போது அவள் எப்படி மறுப்பாள்? ஆலை வாசலில் முதலாளி நீட்டிய தாளில் கைநாட்டு வைத்தவரின் சம்மதம் எத்தகையது என்று நமக்குத் தெரியாதா? ஆகவே, நேர்மையான செய்தித் தொடர்பாளர் அவசரப்பட மாட்டார். அவள் சொந்தக் காலில் நின்ற பிறகே கேட்பார். ஊரையும் பேரையும் மாற்றுவார். எழுதியதை அவளுக்கே படித்துக் காட்டுவார். "வேண்டாம்" என்று பிறகு சொன்னால், எடுத்துவிடுவார். கதை அவளுடையது, நிறுவனத்தின் சொத்தல்ல.

இதுவரை அவளுக்குச் சொல்லவேண்டியதைப் பார்த்தோம். ஆண்களுக்குச் சொல்லவேண்டியது?

2008இல் "பிரேக்த்ரூ" என்ற அமைப்பு, இந்தியாவில் "பெல் பஜாவோ" என்றொரு இயக்கம் தொடங்கியது. "மணியை அடி" என்று பொருள். தொலைக்காட்சியில் சின்னச் சின்னப் படங்கள். உத்தரப் பிரதேசம், மகாராஷ்டிரம், கருநாடகம் ஆகிய மாநிலங்களில் ஒளிப்பட வண்டிகளும் சுற்றின. அந்தப் படங்களில் அடிபட்ட பெண்ணின் முகமே இல்லை. மூடிய கதவுக்குப் பின்னால் அலறல் கேட்கிறது. பக்கத்து வீட்டு ஆண் ஒருவர், கொஞ்சம் தயங்கி, எழுந்து போய் மணியை அடிக்கிறார். கதவு திறந்ததும் "ஒரு கப் பால் கிடைக்குமா?" என்று கேட்கிறார். அவ்வளவுதான்! சண்டையில்லை; உபதேசமில்லை. ஆனால் உள்ளே இருக்கிறவனுக்குப் புரிந்துவிடுகிறது, வெளியே காது இருக்கிறது என்று. அடி நிற்கிறது.

ஆண்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி ஏசாமல், "நீ செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது" என்று அந்த இயக்கம் கூப்பிட்டது. நமது தெருக்களில் எல்லா வீட்டிலும் மணி இருக்காது. கதவு இருக்கும், தட்டலாம். "சர்க்கரை இருக்கிறதா?" என்று கேட்கலாம். தடியெடுத்துப் போய் வீரம் காட்டத் தேவையில்லை. நாம் போன பிறகு அந்தத் தடியடியை அவள்தான் வாங்குவாள்.

சிலர் சொல்வார்கள்: "எல்லாம் குடியால் வருவது." குடிக்கும் அடிக்கும் தொடர்பு உண்டு; ஆய்வுகளும் அதைச் சொல்கின்றன. ஆனால் ஒன்று கேட்கிறேன். எவ்வளவு போதையிலும் அவன் மேஸ்திரியை அடிப்பதில்லையே! கடன் கொடுத்தவனை அடிப்பதில்லையே! தள்ளாடித் தள்ளாடி வந்தாலும், யாரை அடித்தால் கேட்பாரில்லை என்பது மட்டும் தெளிவாகத் தெரிகிறதே! அந்தத் தெளிவைக் கொடுத்தது சாராயமா, சமுதாயமா?

"பொய் வழக்குப் போடுகிறார்கள்" என்பார்கள் வேறு சிலர். பொய்யா மெய்யா என்று பார்க்கத்தானே நீதிமன்றம்? தவிரவும், 2005ஆம் ஆண்டுச் சட்டம் எடுத்தவுடன் எவரையும் சிறைக்கு அனுப்புவதில்லை. "அடிக்காதே, அண்டாதே, செலவுக்குக் கொடு" என்று உத்தரவிடுகிறது. அந்தப் பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் ஓராண்டுவரை சிறை, அல்லது 20,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். உத்தரவை மதிக்கிறவனுக்கு இதில் அச்சப்பட என்ன இருக்கிறது?

"குடும்பம் உடைந்துவிடுமே!" என்பவர்களுக்கு ஒரே பதில். அது உடைந்தது அவள் வெளியேறிய அன்றல்ல. அவன் முதல் அடி அடித்த அன்று.

எனவே, தோழர்களே, கிளைகளும் சங்கங்களும் செய்யவேண்டியவை சில உண்டு. மகளிர் உதவி எண் 181. சட்ட உதவிக்கு 15100. இந்த இரண்டு எண்களையும் நம் வீட்டுப் பெண்கள், பேச்சோடு பேச்சாக, தெருப் பெண்களின் காதில் போடட்டும். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் இச்சட்டத்தின்படி பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார் என்பதை ஒவ்வொரு கிளைச் செயலாளரும் அறிந்திருக்கட்டும். அடிபடுகிறவள்தான் போகவேண்டும் என்பதில்லை. வன்முறை நடக்கிறது என்று நம்பக் காரணமுள்ள எவரும் அவருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு தந்தவர்மீது வழக்குத் தொடர முடியாது என்று 4ஆம் பிரிவு காப்பளிக்கிறது. பயம் எதற்கு?

நம் சங்க அலுவலகத்துக்கு ஒரு பெண் அழுதுகொண்டு வந்தால், உடனே அவனையும் அழைத்துவைத்துப் பஞ்சாயத்துப் பேசி, "இனி அடிக்காதே, நீயும் அனுசரித்துப் போம்மா" என்று அனுப்பிவைக்கும் பழக்கத்தை விட்டுவிடுவோம். அந்தச் சமரசத்தின் விலையை இரவில் அவள்தான் கொடுக்கிறாள். "உங்களுக்கு என்ன செய்யவேண்டும், அம்மா?" என்று அவளைக் கேட்போம். அவள் எங்கே தங்கியிருக்கிறாள் என்று தெரிந்தால், வாயைக் கட்டுவோம். "மனம் மாறிவிட்டேன், ஒருமுறை பார்க்கவேண்டும்" என்று அவன் நம்மிடமே வந்து அழுதாலும், சொல்லமாட்டோம்.

கடைசியாக, கூலி உயர்வு கேட்டுக் கொடி பிடித்த கைகள் நம்முடையவை. எட்டு மணி நேர வேலை, போனஸ், மரியாதை என்று கேட்ட வாய்கள் நம்முடையவை. அந்தக் கை வீட்டுக்குப் போனதும் எங்கே ஓங்குகிறது, அந்த வாய் வாசற்படி தாண்டியதும் என்ன பேசுகிறது என்று ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளட்டும். மற்றவர் கதவைத் தட்டப் புறப்படுமுன், நம் கதவைத் திறந்து பார்ப்போம்.

பழைய பிரசாரம், பெண்ணைப் பார்த்துப் "பொறு" என்றது. புதிய செய்தி அவளைப் பார்த்து, "நீ தனியாக இல்லை" என்று சொல்கிறது. அதைச் சொல்ல முன்வந்திருப்பவர்கள் சிலர். அந்தச் சொல்லை மெய்யாக்க வேண்டியவர்கள் நாம்!